கோல்யாவின் ஐந்தாவது தாவல்

நடுவர் தேர்வில் தேறி, நீளம் தாண்டும் குழியோரம் கொடியோடு நிற்கப் போகிறீர்கள். விதிப்புத்தகத்தில் இருப்பதை உங்களுக்கு நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகவே படித்திருப்பீர்கள். புத்தகம் கையில் இருக்கும்போதே மனிதன் எப்படித் தடுமாறுகிறான் என்பதைத்தான் சொல்ல வந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் பிடித்திருக்கிறேன். அதில் ஒரு ரஷ்யப் பையனுக்கு இரண்டு தடவை சிவப்புக் கொடி காட்டினேன். ஒன்று தப்பு, இன்னொன்று சரி. இரண்டையும் பற்றி அவன் என்னிடம் சொன்ன ஒரு விஷயம்தான் பிறகு என்னை நடுவராக வைத்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் குவைத்தில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தேன். ஊர் திருச்சி, படிப்பு சென்னையில். அப்போது குவைத்தில் புதுப் புது மைதானங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைதானம் வந்த வேகத்துக்கு நடுவர்கள் கிடைக்கவில்லை. போட்டி வந்தால் பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம் போகும், டிரில் மாஸ்டர்களை அனுப்பி வையுங்கள் என்று. எகிப்தியர்கள், பாலஸ்தீனர்கள், நாங்கள் இரண்டு மூன்று இந்தியர்கள், ஆளுக்கு ஒரு மூலையில் நிற்போம். எனக்கு அமைந்தது நீளம் தாண்டும் குழி.

அந்தக் குழியில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பெயர் சின்னையா. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது. துப்புரவுக் கம்பெனி ஒன்றின் காண்டிராக்டில் வந்து, மைதானத்தில் வேலை பார்த்தார். ஒவ்வொரு தாவலுக்கும் பிறகு மணலை மட்டைக்கம்பால் இழுத்துச் சமப்படுத்துவதும், ஓட்டப்பாதையில் சிதறியதைக் கூட்டுவதும் அவர் பொறுப்பு. சுற்றிலும் பாலைவனம் இருந்தாலும் அந்த மண் தாண்டும் குழிக்கு ஆகாது. பவுடர் மாதிரி இருக்கும், காற்றடித்தால் பறந்துவிடும். எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் தெளித்தால் குதிகால் பதிந்த தடம் கலையாமல் நிற்கும் என்பது சின்னையாவுக்குத்தான் தெரியும். அவர் என்னை 'மாஸ்டர்' என்பார். நான் அவரை 'சின்னையாண்ணே' என்பேன். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், ஏப்ரல் கடைசியில், சோவியத் நாட்டிலிருந்து ஓர் இளைஞர் அணி நட்புறவுப் போட்டிக்கு வந்தது. அதில் நீளம் தாண்ட வந்தவன் நிகோலாய். அவனுடைய பயிற்சியாளர் 'கோல்யா' என்று கூப்பிட்டார். எங்களுக்கும் அதுவே வாயில் வந்தது. பத்தொன்பது வயது. வோல்கா ஆற்றங்கரையில் ஏதோ ஒரு தொழிற்சாலை ஊர். நெடுநெடுவென்று வளர்ந்த உடம்பு. வெயிலில் மூக்கும் காதும் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஓடத் தொடங்குமுன் வலது கையால் தொடையை இரண்டு தட்டுத் தட்டுவான். ஓட்டத்தில் அவசரமே இருக்காது. பலகையை மிதிக்கிற கணத்தில்தான் அவனுக்குள் இவ்வளவு விசை இருந்ததா என்று தெரியும்.

அவனுக்கு அந்தப் போட்டி வெறும் நட்புறவு இல்லை என்பதை அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் முதல் நாளே சொன்னார். குவைத்திலிருந்த அவர்கள் தூதரகத்தில் வேலை பார்த்த, ஆங்கிலமும் அரபியும் பேசும் ஒல்லியான இளைஞர் அவர். இந்தப் பயணத்தில் ஏழு மீட்டர் எண்பதைத் தாண்டுகிறவனுக்குப் பெரியவர்களின் அணியோடு பயிற்சி முகாமில் இடம். தாண்டாவிட்டால் ஊருக்குத் திரும்பி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அந்த நாட்டில் அந்த வரிசை ரொம்ப நீளம் என்றார். கோல்யா அதுவரை தாண்டியிருந்தது ஏழு அறுபத்திரண்டு.

கொடி எப்படி முடிவாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் இப்போது கேமரா பார்த்துப் பழகியவர்கள். எங்கள் காலத்தில், தாண்டு பலகையை ஒட்டி, குழிப் பக்கமாக, பிளாஸ்டிசின் என்கிற மெழுகு மாதிரியான களியைப் பட்டையாகப் பூசியிருப்போம். கால் கோட்டைத் தாண்டினால் அதில் தடம் விழும். தடம் விழுந்தால் ஃபவுல், சிவப்பு. விழாவிட்டால் வெள்ளை. ஒவ்வொரு ஃபவுலுக்கும் பிறகு தகட்டால் அந்தக் களியைத் தடவிச் சமமாக்க வேண்டும். இதைவிடச் சுலபமான வேலை மைதானத்தில் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாலை நாலரைக்கும் வெயில் இறங்கவில்லை. கடைசிச் சுற்றுகளுக்கு எட்டுப் பேர் மிஞ்சியிருந்தார்கள். ஆளுக்கு ஆறு வாய்ப்பில் ஐந்தாவது நடந்துகொண்டிருந்தது. கோல்யாவுக்கு முன்னால் ஓடியவர் ஓர் உள்ளூர்க் கிளப் வீரர். அவர் கால் பட்டுத் தடம் விழுந்தது. சிவப்புக் காட்டினேன். அவர் திரும்பி வந்து என்னிடம் வாதாடினார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரமுகர்களின் கார் வரிசை மைதானத்துக்குள் நுழைந்தது. ஒலிபெருக்கியில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றோம். அது முடிந்ததும் எங்கள் தலைமை நடுவர், பருத்த உடம்புள்ள ஓர் எகிப்தியர், கையைத் தட்டி, "யல்லா, யல்லா, நேரம் போகிறது" என்றார். நான் என் இடத்துக்கு ஓடினேன். கோல்யா தயாராக நின்றிருந்தான். தலையசைத்தேன்.

களியைத் தடவவில்லை. அப்போது எனக்கு அது நினைவிலேயே இல்லை.

கோல்யா ஓடி வந்தான். பலகையில் அவன் கால் விழுந்தபோது என் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. வெள்ளைக் கொடி இருந்த கை மேலே போகத் தொடங்கிவிட்டது. வழக்கப்படி குனிந்து பார்த்தேன். களியில் ஒரு தடம் இருந்தது. கை தானாக மாறியது. சிவப்பைத் தூக்கினேன்.

குழிக்கு அந்தப் பக்கம் கோல்யா எழுந்து, இரண்டு கையையும் விரித்தபடி திரும்பினான். கொடியைப் பார்த்தான். கைகள் அப்படியே இறங்கின.  சிவப்பைப் பார்த்ததும் சின்னையா மணலை இழுத்துவிட்டார். வழக்கம் அதுதான்.

அடுத்தவர் ஓடுவதற்காகப் பலகையோரம் கூட்ட வந்தபோது சின்னையா குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். அந்தத் தடம் முந்தியே கெடந்துச்சு."

"எந்தத் தடம்?"

"இப்ப நீங்க செவப்புக் காட்டுனீங்களே, அது. முன்னால ஓடுனவன் வச்சது. எல்லாரும் எந்திரிச்சு நிக்கையில நான் இங்கதான் நின்னேன், பாத்தேன். நீங்க தடவிருவீங்கன்னு நெனச்சேன். அவரு யல்லா யல்லான்னு வெரட்டவும் ஓடிட்டேன். இந்தப் பய காலு மெழுகுல படவே இல்ல."

களியைப் பார்த்தேன். ஒரே ஒரு தடம். இரண்டு பேர் மிதித்திருந்தால் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. அவர் சொல்வது உண்மை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"என் பேரை மட்டும் எடுத்துராதீங்க மாஸ்டர்," என்றார் சின்னையா. "கம்பெனிக்காரன் காதுக்குப் போனா, மண்ணு இழுக்க வந்தவனுக்கு அங்க என்ன பார்வைன்னு கேப்பான்."

அவர் குழிக்குப் போய்விட்டார். நான் தகட்டை எடுத்துக் களியைத் தடவினேன். தடம் போய்விட்டது.

இனி நான் என்ன செய்தேன் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தச் சுற்றில் இன்னும் மூன்று பேர் ஓட வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கொடி காட்டினேன். ஆறாவது சுற்று தொடங்கியது. நான்கு பேருக்குக் கொடி காட்டினேன். மொத்தம் ஏழு தாவல். அந்த ஏழு தாவலின்போதும் என் தலைக்குள் ஓடியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் பேசியது தமிழ், அங்கே வேறு யாருக்கும் புரிந்திருக்காது. தடத்தையும் அழித்தாகிவிட்டது, மணலையும் இழுத்தாகிவிட்டது, சொன்னாலும் அளக்க முடியாது. வந்திருப்பவர்கள் விருந்தாளிகள். பிரமுகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக்குப் பள்ளிக்கூட முதல்வரிடம் கடிதம் வரும், உங்கள் ஆளால் ரகளை ஆகிவிட்டது என்று. என் மனைவி ஊரிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. போட்டி முடிந்ததும் தலைமை நடுவரிடம் தனியாகச் சொல்லலாம், நடுவில் குழப்பம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது நல்ல முடிவு என்றுகூட அப்போது பட்டது.

ஆறாவது வாய்ப்புக்குக் கோல்யா வந்தான். ஐந்தாவதில் ஃபவுல் செய்துவிட்டோம் என்று நம்பி, ஓட்டம் தொடங்கும் அடையாளத்தை ஓர் அடி பின்னால் தள்ளி வைத்திருந்தான். ஓடி வந்தான், பலகையை எட்டவில்லை. பலகைக்கு ஓர் அடி முன்னாலிருந்தே தாவினான். ஏழு நாற்பத்தொன்பது. குழியை விட்டு எழுந்து, தன் பையருகே போய் உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான்.

மிச்சமிருந்த மூன்று பேரும் ஓடி முடித்தபின் நான் தலைமை நடுவரிடம் போனேன். ஐந்தாவது சுற்றில் ரஷ்யனுக்குக் காட்டிய சிவப்பு தப்பு, தடம் அதற்கு முந்தியவருடையது, நான்தான் களியைத் தடவ மறந்தேன் என்றேன்.

"யார் பார்த்தது?"

"நான்தான்."

 அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "எழுது. என்ன நடந்ததோ அப்படியே எழுது. கீழே உன் பெயரைப் போடு" என்றார். எழுதினேன். பிறகு ரஷ்யப் பயிற்சியாளரையும் மொழிபெயர்ப்பாளரையும் கூப்பிட்டு, அந்தப் பையனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, உடம்பைச் சூடாக்கிக்கொள்ளப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

பயிற்சியாளர் என்னைப் பார்த்து ரஷ்ய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

நான் கொடிகளைத் தலைமை நடுவரிடம் நீட்டினேன். "வேறு யாராவது பிடிக்கட்டும்."

"பிடித்துக்கொள்," என்றார் அவர். "இப்போது இதை வேறொருவனிடம் கொடுத்தால் அவன் உன்னைவிடப் பயந்து பிடிப்பான். போய் நில்."

இந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை. தப்புச் செய்த நடுவரை அந்த இடத்திலேயே நீக்குவது சுலபம், பார்க்கவும் நன்றாக இருக்கும். அவர் அதைச் செய்யாததால்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன். உங்களுக்குக் கீழே ஆள் வேலை செய்யும் காலத்தில் இதை யோசித்துப் பாருங்கள்.

கோல்யா மறுபடி வந்தான். வெயில் இறங்கிவிட்டது, கூட்டம் பாதி கலைந்திருந்தது. அடையாளத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான். தொடையில் இரண்டு தட்டு. நான் களியை நான்கு தடவை தடவியிருந்தேன். அவன் ஓடினான், சுத்தமாகத் தாவினான். வெள்ளைக் கொடி. ஏழு எழுபத்தொன்று. அவன் கணக்கில் அதுவரை ஏறியதிலேயே அதிகம் அது. வேண்டியதற்கு ஒன்பது சென்டிமீட்டர் குறைவு.

"கலாஸ், முடிந்தது," என்றார் தலைமை நடுவர், பதிவேட்டை மூடிக்கொண்டே.

கோல்யா குழியோரம் நின்றான். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு என்னிடம் ஏதோ கேட்கச் சொன்னான்.

"அந்த ஐந்தாவது தாவல் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்கிறான்."

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. என் பார்வை பலகையில் இருந்தது. ஆனால் சின்னையா மட்டைக்கம்போடு பக்கத்தில் நின்றிருந்தார். நாள் முழுதும் யார் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

"என்ன கேக்குறான் மாஸ்டர்?"

சொன்னேன். அவர் குழிக்குள் இறங்கினார். தூரம் குறிக்க ஓரக்கட்டையில் அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் ஆணிக்கு நேராக நின்று, கம்பின் முனையால் மணலில் ஒரு குத்துக் குத்தினார்.

"இங்கன. இந்த ஆணிக்கு நேரா. இன்னைக்கு இம்புட்டுத் தூரம் வேற எவனும் வரல, அதான் மனசுல நிக்குது."

பயிற்சியாளர் அளவு நாடாவின் ஒரு நுனியைக் கோல்யாவிடம் கொடுத்தார். அவன் அதைச் சின்னையா குத்திய இடத்தில் வைத்தான். பயிற்சியாளர் பலகையில் பிடித்துப் படித்தார். ஏழு எண்பத்தாறு. எங்கேயும் எழுத முடியாத அளவு அது. தலைமை நடுவர் எல்லாவற்றையும் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோல்யா அந்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, காலால் மணலைத் தள்ளி அதை மூடினான். சின்னையாவின் தோளில் கை வைத்துவிட்டுப் போனான். என் பக்கம் திரும்பவில்லை.

முகாமுக்கு அவன் பெயர் போகவில்லை என்று பின்னால் மொழிபெயர்ப்பாளர் மூலம் தெரிந்தது. என் பள்ளிக்கூடத்துக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மாறினேன். ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் களியைத் தொட்டுப் பார்க்காமல் தலையசைக்க மாட்டேன். மந்திரியே வந்து நின்றாலும் சரி. வெயிலில் களி இளகிவிடும் என்பதால், களி பூசிய இரண்டு உபரிப் பட்டைகள் செய்யச் சொல்லி, சின்னையாவும் நானும் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டோம். மற்ற நடுவர்கள் சிரித்தார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையைச் சொல்வேன். யாருக்கும் தெரியாத தப்பை நானே போய் ஒப்புக்கொண்டேன் என்று. ஆசிரியர் அறையிலும் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அதில் என் பங்கு அழகாகிக்கொண்டே போனது.

இரண்டு வருடம் கழித்து அதே அணி மறுபடி வந்தது. அதே மைதானம், அதே குழி. அதே மொழிபெயர்ப்பாளர், இப்போது மீசை வைத்திருந்தார். கோல்யாவும் வந்திருந்தான். உடம்பு திரண்டிருந்தது, காது பழையபடி சிவந்திருந்தது. வலது முழங்காலில் பட்டையாகக் கட்டுப் போட்டிருந்தான். குழியருகே வந்ததும் நேராகப் போய்ச் சின்னையாவைக் கட்டிப்பிடித்தான்.

"அட, இவன் என்னய மறக்கல பாருங்க மாஸ்டர்," என்றார் சின்னையா, கூச்சத்தோடு.

எனக்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

அவன் கதையை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அடுத்த வருடமே ஊரில் ஏழு எண்பத்தொன்பது தாண்டி முகாமுக்குப் போய்விட்டான். ஆனால் ஒரு வருடம் தாமதமாகப் போனதில், அவனுடைய இடத்தில் வேறு இருவர் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்கிற அவசரத்தில் முழங்கால் போய்விட்டது. மருத்துவர்கள் கத்தி வைக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் எட்டு மீட்டரை ஒரு தடவையாவது தாண்டிவிட்டால், காலைச் சரிசெய்துகொண்டு திரும்பி வரும்வரை அவனுக்கு இடம் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் வைக்க மாட்டார்கள். இந்தப் பயணம்தான் கடைசி வாய்ப்பு.

அந்த ஒரு வருடத் தாமதம் யாரால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

முதல் ஐந்து தாவலில் அவன் எட்டை நெருங்கவே இல்லை. ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஆறாவதுக்கு வந்து நின்றபோது மைதானத்தில் வேறு போட்டி எதுவும் நடக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் இங்கேதான். புதுப் பட்டையைப் போட்டு, தடவி, விரலால் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. தலையசைத்தேன்.

அவன் ஓடி வந்த விதத்திலேயே தெரிந்தது, வலியை எங்கோ வைத்துவிட்டு வருகிறான் என்று. பலகையில் விழுந்த சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்டது. எழும்பினான், நெடுநேரம் இறங்கவே இல்லை. அவன் விழுந்த இடத்தைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து நின்றது. எட்டு மீட்டர் அடையாளத்துக்கு அப்பால் மணல் தெறித்திருந்தது. எல்லோரும் குழியைத்தான் பார்த்தார்கள்.

நான் குனிந்தேன். களியின் விளிம்பில், நகம் கீறிய அளவுக்கு, ஒரு தடம்.

என் கட்டைவிரல் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் போதும். யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு நான் ஒரு தாவல் கடன்பட்டவன். அந்தக் கடனைத் தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. இந்த நகக்கீறலால் அவன் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகம் தாண்டிவிடவில்லை. நியாயம் பார்த்தால் அவனுக்கு வெள்ளைதான் வர வேண்டும் என்று எனக்குள் ஒருவன் தெளிவாக வாதாடினான். இவ்வளவும் ஒரு மூச்சு நேரம்.

நிமிர்ந்தேன். சின்னையா மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணலைத் தொடவில்லை. அதற்கப்பால் கோல்யா குழிக்குள் மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தான். நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். சிவப்பைத் தூக்கினேன்.

கூட்டம் ஓவென்றது. பயிற்சியாளர் ஓடி வந்தார், அதே பழைய ஆள். இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் தயங்கவில்லை. "மறுபடியும் நீயா என்கிறார். இந்தப் பையனோடு உனக்கு என்ன பகை என்கிறார்."

"பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்," என்றேன். "நான் தொடவில்லை."

பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். இது பழைய தடம், போன தடவை மாதிரி என்று கத்தினார். தலைமை நடுவரும் வந்துவிட்டார். அப்போது கோல்யா நொண்டிக்கொண்டு வந்து, எல்லோரையும் விலக்கி, பலகையருகே உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். அதன் முனையைத் தடத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். முனையில் ஒரு சிறு துண்டுக் களி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலில் எடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டி, இரண்டே வார்த்தை சொன்னான்.

"'இது என்னுடையது' என்கிறான்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பயிற்சியாளர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். அவன் பையை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

போட்டி முடிந்து, படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். கோல்யா முழங்காலில் ஐஸ் கட்டியோடு ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மொழிபெயர்ப்பாளரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். போனேன்.

போன தடவை நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"கொடிக்காக நான் கோபப்படவில்லை என்கிறான்," என்றார் மொழிபெயர்ப்பாளர். அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல, அவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். "தப்பு எல்லோருக்கும் வரும் என்கிறான். ஆனால் போன தடவை, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில், நீங்கள் அவன் பக்கமே பார்க்கவில்லையாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பார்ப்பீர்களாம். ஏதோ இருக்கிறது என்று அப்போதே அவனுக்குத் தோன்றியதாம். பிறகு நீங்கள் வந்து சொன்னபோது புரிந்துவிட்டதாம். ஆறாவதுக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவன் அடையாளத்தை நகர்த்தியிருக்க மாட்டான். உடம்பு சூடாக இருந்தது. மறுபடியும் அதே தூரம் வந்திருப்பான். உங்களுக்குத் தெரிந்திருந்தும் அவனை ஓட விட்டீர்கள். இரண்டு வருடமாக அந்தக் கோபம்தான் என்கிறான்."

  அந்தக் கதையை எத்தனை பேருக்கு என் நேர்மைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த ஏழு தாவலை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

கோல்யா இன்னொரு வாக்கியம் சொன்னான்.

"இன்றைக்கு உடனே தூக்கினீர்கள், அவன் முகத்தைப் பார்த்துத் தூக்கினீர்கள். இன்றைக்குக் கோபம் இல்லை என்கிறான்."

அவன் கையை நீட்டினான். பிடித்துக் குலுக்கினேன். பிறகு சின்னையா எங்கே என்று கேட்டான். குழியை மூடிக்கொண்டிருக்கிறார் என்றேன். தன் டீயை எடுத்துக்கொண்டு நொண்டியபடி வெளியே போனான்.

அடுத்த குளிர்காலத்தில் அவனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் இரண்டு பருவம் தாண்டினான். கணக்கில் ஏறிய தாவல் எதுவும் எட்டு மீட்டரைத் தொடவில்லை. இருபத்து நான்கு வயதில் நிறுத்திவிட்டு, தன் ஊர் விளையாட்டுப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு ஓடவும் தாண்டவும் கற்றுக்கொடுக்கப் போய்விட்டான். எழுபதுகள் முடியும் சமயத்தில், ஊர் மாற்றலாகிப் புறப்பட்ட மொழிபெயர்ப்பாளர் கடைசியாகச் சொன்ன செய்தி அது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் நான் தப்புச் செய்திருக்கிறேன். குவைத்திலும், பிறகு இங்கே வந்த பின்னாலும். நீங்களும் செய்வீர்கள். ஒரு பல்கலைக்கழகப் போட்டியில் இறுதிச் சுற்றில் வெள்ளைக்குப் பதில் சிவப்பைத் தூக்கிவிட்டேன், வெறும் கை தவறு. அடுத்த பெண், மணலை இழுக்குமுன்பே, என் தலையசைப்புக்கும் காத்திராமல் ஓட்டப்பாதையில் தொடங்கிவிட்டாள். நடுவே இறங்கிக் கையை விரித்து அவளை நிறுத்தினேன். தப்பு என்னுடையது, மணலைத் தொடாதீர்கள் என்று கத்தினேன். மாடத்திலிருந்து ஒருவர் கிழவனுக்குக் கண் தெரியவில்லை, மாற்றுங்கடா என்றார். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். முந்தின பெண்ணின் தாவலை அளந்து எழுதினார்கள். நிறுத்தப்பட்ட பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டு, மூச்சு வாங்கிக்கொள், அவசரமில்லை என்றேன். பிறகு என் இடத்துக்கு வந்து, களியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தேன்.